ராசாத்தாளின் தூக்குப்போசி

பீளமேட்டில் அந்தத் தெருக் குழாயடியில் ராசாத்தாளின் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. பள்ளிக்கூடத்துச் சத்துணவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால், குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் பொரிந்து தள்ளுவாள்.

"நம்ம வரிப்பணத்துலதானுங்க்கா இதுகளுக்கு ஓசிச் சோறு! பெத்தவங்களுக்குக் கை கால் நல்லாத்தானே இருக்குது, பாடுபட்டுப் போட்டா என்னவாமா?"

இவள் எந்த ஆபீசில் போய் வரி கட்டினாள் என்று யாரும் கேட்டதில்லை. தீப்பெட்டி, சோப்பு வாங்குகிற எல்லோரும்தான் கட்டுகிறார்கள், அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் சேர்த்துத்தான். அதை எடுத்துச் சொன்னால் அடிக்க வருவாள்.

தொண்ணூற்றெட்டில் அவள் புருஷன் பாலுசாமி வேலை பார்த்த மில்லைப் பூட்டிவிட்டார்கள். மனுஷன் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனான். வேலை கிடைத்தால் உலை கொதிக்கும், இல்லையென்றால் இல்லை. அப்போதும் ராசாத்தாள் அசைந்து கொடுக்கவில்லை. மகள் சாந்தாமணி சத்துணவுத் தட்டைத் தூக்கினால் குழாயடியில் எந்த முகத்தோடு நிற்பது? காலையில் தன் பங்குச் சோற்றையும் தூக்குப்போசியில் அடைத்து மகளிடம் கொடுத்துவிட்டு, நீராகாரத்தைக் குடித்துக்கொண்டாள். நல்லவேளை, பிள்ளைக்குக் குருவி வயிறு. சாயங்காலம் பாதிச் சோறு திரும்பி வந்துவிடும். "இத்தனையும் மிச்சம் வெச்சுப்போட்டியே, பாவி!" என்று திட்டிக்கொண்டே அதைத் தின்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் பிடிக்கையில் தலை சுற்றி விழுந்தாள். பக்கத்து வீட்டுச் சின்னாத்தாள்தான் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டாள். சாந்தாமணி பேயறைந்த மாதிரி நின்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை போசியை நீட்டியது. திறந்தால், காலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. மேலே ஓர் அவித்த முட்டை.

"ஏது கண்ணு இது?"

"சத்துணவுல குடுத்தாங்கம்மா." பிள்ளை ஓரடி தள்ளி நின்றுகொண்டது. "ரொம்ப நாளா அங்கதான் சாப்புடறேன். போசியில பாதிதான் திம்பேன், மீதி உனக்குன்னு வெச்சுருவேன். நீ பட்டினி கெடக்கறது எனக்குத் தெரியும். அடிக்கறதுன்னா முட்டையத் தின்னுட்டு அடிம்மா."

ராசாத்தாள் அடிக்கவில்லை. முட்டையைப் பிட்டுப் பாதியை மகளுக்கு ஊட்டினாள். மீதியைத் தான் தின்றாள். எத்தனை பிள்ளைகள் தின்ற சோற்றை வாய் கூசாமல் பழித்தோம் என்று நினைத்து நினைத்து அழுதாள்.

அடுத்த நாள் குழாயடியில் சின்னாத்தாள் ஆரம்பித்தாள்: "இப்ப முட்டை வேற போடறாங்களாமா! எல்லாம் நம்ம வரிப்பணம். ஏன் ராசாத்தா, நீ சொல்லு."

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். ராசாத்தாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நம்ம பணந்தானுங்க்கா. என்ற புள்ளையும் அங்கதான் திங்குது," என்றாள். "நேத்து பாதி முட்டை நானுந் தின்னேன். பசிக்கு நல்லா இருந்துச்சுங்க்கா."