ஆவக்காய் போடும் நாளில் பூர்ணய்யா

தெனாலி பஸ் டிப்போவில் பூர்ணய்யாவைத் தெரியாதவர்கள் கிடையாது. ரேபல்லே லைனில் ஆயுசில் பாதியை ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தொப்பை மட்டும் ஸ்டியரிங்கைத் தேடுவது போல முன்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் குளியலறை வாசலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"உப்பைக் குறைங்க. ஊறுகாயைக் கண்ணாலகூடப் பாக்கக் கூடாது. தினமும் காலையில நடக்கணும்."

"நடக்கறதா? நான் டிரைவருங்க. பஸ்ல நடக்கறவன் கண்டக்டர்."

மனைவி மாணிக்கியம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆவக்காய் ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக் கோட்டேஸ்வரியிடம் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து தினைச் சோறு, பேருக்கு உப்பு போட்ட பருப்பு, வேகவைத்த சுரைக்காய். பூர்ணய்யா தட்டைப் பார்ப்பார். தட்டும் அவரைப் பார்க்கும்.

விடிந்ததும் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்புவார். தெருமுனை திரும்பியதும் முதல் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொள்வார். ஓட்டுகிறவர்கள் எல்லாம் அவரிடம் தொழில் கற்ற பையன்கள். டிக்கெட் யார் கேட்பது? கால்வாய்ப் பாலத்தில் இறங்கி, முகத்திலும் சட்டையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுக்க நடந்தவர் போல அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் கீரை வாங்க வந்த மாணிக்கியம்மாவை உரசிக்கொண்டு ஒரு பஸ் போனது. அதன் முன் சீட்டில் இருந்து, "கியரை மாத்துடா, வண்டி அழுவுது பாரு!" என்று ஒரு குரல்.

வீடு திரும்பியவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இன்னிக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க?"

"பாலம் வரைக்கும்."

"கால்லயா, டயர்லயா?"

பூர்ணய்யா குனிந்து ஷூவைக் கழற்றினார். அதன் அடிப்பக்கம் கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருந்தது. "எனக்கென்ன, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.  அந்தச் சொல் அவரைச் சுட்டது. மறுநாளிலிருந்து உண்மையாகவே நடந்தார்.

நடந்துவிடலாம்; நாக்கை என்ன செய்வது? ஒரு மத்தியானம் கோட்டேஸ்வரி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உங்க வீட்டு ஃபேன் சத்தம் போடுதாமே அம்மா, பாக்கட்டுமா?"

"ஃபேன் நல்லாத்தான் ஓடுது அண்ணா. அந்த ஜாடியை எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"நான் ஜாடியைக் கேட்டனா?"

"நீங்க கேக்கல. உங்க கண்ணு கேக்குது."

சித்திரை பிறந்தது. சந்தையில் மாங்காய் வந்து குவிந்தது. புனேயிலிருந்து மகள் ஸ்வர்ணா போன் செய்தாள்: "கடை ஊறுகாய் வாயில வைக்க முடியலம்மா. எனக்கு மட்டுமாவது போட்டு அனுப்பேன்." மாணிக்கியம்மா தட்ட முடியாமல் ஒப்புக்கொண்டாள்.

வேலையில் இருந்த காலத்தில் ஆவக்காய் கலக்கும் நாளுக்கென்று பூர்ணய்யா வருஷா வருஷம் லீவு போடுவார். ஊறுகாயை ஜாடியில் அடைத்த பிறகு, கலக்கிய பேசினில் ஒட்டியிருக்கும் சிவப்பில் சுடுசோற்றைக் கொட்டி, நெய் விட்டுப் பிசைந்து, ஆளுக்கொரு கவளம் உருட்டி உள்ளங்கையில் வைப்பாள் மாணிக்கியம்மா. கண்ணில் நீர் வரும், மூக்கு ஒழுகும், "இன்னொண்ணு" என்று கை தானாக நீளும்.

இந்த வருஷம் எண்ணெய்ச் செம்பை எடுக்கும்போதே சொல்லிவிட்டாள். "நீங்க வெளிய போயிட்டு வாங்க. முடிஞ்சப்புறம் வாங்க."

போனார். தெருவெல்லாம் கடுகுப் பொடியும் பூண்டும் நல்லெண்ணெயும் மணந்தன. வீட்டுக்கு வீடு மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டிருந்தார்கள். வாசனையிலிருந்து தப்பிக்கப் பாலத்தைத் தாண்டி, வயல் வரப்புவரை நடந்தார். எதிரே வந்த பஸ் வேகம் குறைத்தது. "ஏறு பாபாயி!" என்று சித்தப்பா முறை சொல்லிக் கூப்பிட்டான் டிரைவர். வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டார்.

திரும்பி வந்தபோது பேசின் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மாணிக்கியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"தினைதான். சாப்பிட்டேன்."

"பேசின் சோறு?"

"தண்ணி ஊத்திக் கழுவிட்டேன்."

"உனக்கு என்ன பிரஷரா, சுகரா? நீ சாப்பிட்டிருக்கலாமே."

"ஒத்தையாளா எப்படிங்க? சோத்தைக்கூட வடிச்சு வச்சேன். கையில எடுத்தப்ப யாருக்கு உருட்டறதுன்னு தெரியல."

பூர்ணய்யா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். 

"கையைக் கொடு" என்றார்.

தலை சுற்றுகிறதோ என்று பதறி நீட்டினாள். அவர் அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

"சோப்பு போட்டுத்தாங்க கழுவினேன்."

"போகலை" என்றார் பூர்ணய்யா. "போகாது."

"வெக்கமா இல்ல? கதவு திறந்து கிடக்கு" என்றாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள். தெருவில் இன்னும் சில வீடுகளில் மாங்காய் வெட்டும் சத்தம் கேட்டது. அந்த வாசல்களைக் கடக்கும்போது மட்டும் இரண்டு பேரும் மெதுவாக நடந்தார்கள்.