பூசாத வீட்டுக்குப் பால் காய்ப்பு

“கடலைமிட்டாய் அண்ணாச்சி வீட்டுக்கு யாரோ ஸ்டே வாங்கிட்டாவ போலுக்கு. பூசாம அப்படியே நிக்கி.”

கோவில்பட்டி டவுன் பஸ்ஸில், முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டது இது. அந்த வீட்டை வரைந்தவள் நான். தனியாக வரைந்த முதல் வீடு. செங்கல்லைச் செங்கல்லாகவே விட்டதுதான் திட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஷாலை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். வீட்டை வரைவது பாதித் தொழில்; அது முடிந்துவிட்டது என்று ஊரை நம்பவைப்பது மீதித் தொழில். வீடு கட்டி அவதிப்பட்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

மேஸ்திரியின் பாசம்

கரிசல் மண்ணில் அஸ்திவாரம் போட்டு மேலே வந்ததே பெரிய காரியம். சுவர் எழும்பிய பிறகு ஒருநாள் திருநெல்வேலி போய்விட்டுத் திரும்பினால், மேற்குச் சுவர் மொழுமொழுவென்று சிமெண்டுப் பூச்சோடு நிற்கிறது. பக்கத்தில் மேஸ்திரி, முகமெல்லாம் சிரிப்பு. ஈரம் காயுமுன் ஹோஸ் பிடித்துக் கழுவினோம். கலவை வழிந்து ஓடுவதைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

“சின்னப்புள்ள, பிளான்ல பூச்சு போட மறந்துட்டீயன்னு நெனச்சேன். அண்ணாச்சிக்குத் தெரியுமுன்ன நானே சரிபண்ணி வச்சேன், தாயி.”

பத்திரிகையில் என்ன போடுவது?

அண்ணாச்சிக்கு வீடு பிடித்திருந்தது. மத்தியான வெயிலில் வந்தால் நேரே ஹாலுக்குள் போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, செங்கல்லில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். ஆனால் சொந்தக்காரர்களின் போன் ஓயவில்லை. கடைசியில், “பால் காய்ப்புக்கு வாரவிய ‘வேலை எப்ப முடியும்’னு ஒருத்தர் கேட்டாலும், மறுநாளே பூசிருவோம்மா” என்றார். அவர் மனைவியின் கவலை வேறு:

“ஏம்மா, பத்திரிகையில ‘புதுமனை புகுவிழா’ன்னு போடவா, ‘வேலை நடக்குது, வந்து பாருங்க’ன்னு போடவா?”

பொம்மை

வீட்டு வேலை தொடங்கியதும் வாசலில் கட்டும் திருஷ்டிப் பொம்மையை, வேலை முடிந்த பிறகுதான் அவிழ்ப்பார்கள். “பூசாம எப்படி அவுக்க?” என்று மேஸ்திரி மறுத்துவிட்டார். அதனால் பால் காய்ப்பு அன்று வாழைமரம், தோரணத்துக்கு மேலே, பெரிய மீசையும் நீட்டிய நாக்குமாக அதுவும் வந்தவர்களை வரவேற்றது.

பால் பொங்கியது. கழுகுமலையிலிருந்து அண்ணாச்சியின் பெரிய மச்சான் வந்தார். சுவரைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். அண்ணாச்சியின் தோளில் ஆறுதலாகக் கை வைத்தார்.

“என்ன மாப்ளே, வேலை எப்ப முடியும்?”

கேசரித் தட்டோடு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மேஸ்திரி என்னைப் பார்த்தார். பிறகு, பூசுகிற கொல்லறுக் கரண்டி வைத்திருந்த பையைப் பார்த்தார்.

அண்ணாச்சி பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். பந்தல்காரரின் ஏணியைச் செங்கல் சுவரில் சாய்த்து, தானே ஏறி, பொம்மையை அவிழ்த்துக் கீழே இறக்கினார்.