பத்தொன்பதிலேயே நின்ற முள்

எரிந்துபோன மோட்டாரை யாராவது கொண்டுவந்து இறக்கினால் வள்ளியம்மை உடனே ஸ்பானரை எடுக்க மாட்டாள். மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்ப்பாள். பிறகு டார்ச் அடித்துப் பார்ப்பாள். காயில் என்னும் கம்பிச்சுருள் முழுக்க ஒரே மாதிரி கருகியிருந்தால் பாரம் தாங்காமல் எரிந்தது. திட்டுத் திட்டாக, இடைவெளி விட்டுக் கருகியிருந்தால் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒன்று போன பிறகும் விடாமல் ஓட்டியிருக்கிறார்கள். மோட்டார்க்காரர் வாயில் வரும் கதை எதுவானாலும் அவளுக்குக் காயில் சொல்வதுதான் கணக்கு.

ஒரத்தநாட்டுச் சாலையில் அவள் கடை போட்டு இருபத்தாறு வருடமாகிறது. அதற்கு முன் ஒரு குறுவைக்கு நாற்று விட்ட வாரத்தில், அவர்களுடைய சொந்தப் பம்புசெட் மோட்டார் எரிந்தது. டவுன் கடையில் பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாளில் நாற்று வைக்கோலாகிவிடும். வள்ளியம்மை மோட்டாரை மாட்டுக்கொட்டகையில் வைத்துப் பிரித்தாள். ஒவ்வொரு காயிலிலும் எத்தனை சுற்று என்று எண்ணிச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டு, அதே எண்ணிக்கையில் புதுக்கம்பியைச் சுற்றினாள். மோட்டார் அரை மணி நேரம் ஓடிப் புகைந்தது. இரண்டாம் முறை கம்பியின் தடிமனையும் அளந்து வாங்கினாள், அதுவும் எரிந்தது. கம்பியின் மேல் பூசியிருக்கும் மெல்லிய எனாமல் தன் வளையல் உரசிச் சுரண்டப்பட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் முறை வளையலைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றினாள். அந்த மோட்டார் இன்றைக்கும் ஓடுகிறது. வேலை நேரத்தில் அவள் வளையல் போடுவதில்லை. "கை மொட்டையா இருக்கே" என்று கேட்பவர்களுக்கு, "மோட்டாருக்கு ஆகாது" என்பாள்.

வருடம் தவறாமல் ஐப்பசி மழையில் மூழ்கிய மோட்டார்கள் வரிசையாக வரும். அவற்றிடம்தான் அவள் ஈரத்தைப் படித்தாள். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. அதில் கரைந்த உப்பும் அழுக்கும்தான் கடத்தும். அதனால் சேறு பட்ட மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவி, பழைய டிரங்குப் பெட்டிக்குள் நான்கு இருநூறு வாட் குண்டு பல்புகளை எரியவிட்டு உலர்த்துவாள். குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சூடாகவே போகிறது. வீட்டுக்கு ஆகாத அந்தக் குணம் அவள் பெட்டிக்கு ஆகிவந்தது. உலர்ந்தபின் மெக்கர் என்னும் கருவியை வைத்து, கம்பியிலிருந்து இரும்புக்கு மின்சாரம் கசிகிறதா என்று பார்ப்பாள். கசிவு நின்றால்தான் மோட்டார் வீட்டுக்குப் போகும்.

இந்த வருடம் இரண்டு ஏக்கர் குறுவையை ஆயுத பூஜைக்கு முந்திய வாரம் அறுத்தார்கள். நூற்றுப் பத்து மூட்டை வரும். கொள்முதல் நிலையத்தின் திறந்த வெளியில் குவித்துவிட்டு, பூஜை விடுமுறை முடியக் காத்திருந்தார்கள். நிலையம் திறந்த அன்று எழுத்தர் சூர்யபிரகாஷ் நெல்லைச் சோதித்துப் பத்தொன்பது என்றான். ஈரப்பதம் பதினேழுக்கு மேல் இருந்தால் வாங்க மாட்டார்கள். வள்ளியம்மையின் கணவர் தியாகேசன் நெல்லைக் களத்தில் விரித்தார். இரண்டு நாள் அரைகுறை வெயிலில் காலால் கிளறிக் கிளறிக் காயவைத்தார். மூன்றாம் நாள் காலை வள்ளியம்மையும் கூட வந்தாள்.

சூர்யபிரகாஷ் ஒரு பிடி நெல்லை அரைத்து, ஈரமானியின் குப்பியில் போட்டுத் திருகி அழுத்தினான். அழுத்திய மாவின் வழியாகச் சிறு மின்சாரத்தை விட்டுப் பார்க்கும் பழைய மாதிரி ஈரமானி அது. ஈரம் கூடக்கூட மின்சாரம் அதிகம் பாயும், முள் ஏறும்.

"பத்தொன்பதுங்கம்மா. இன்னும் ரெண்டு நாள் போடுங்க."

"முந்தாநாளும் பத்தொன்பது, இன்னைக்கும் பத்தொன்பதா தம்பி? நடுவுல ரெண்டு நாள் காஞ்சிருக்கே?"

"மெஷின் சொல்றதைத்தானேங்க நான் சொல்ல முடியும்? உங்க நெல்லு மேல எனக்கென்ன கோவம்?"

பக்கத்துக் குவியலின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நாகம்மாள் குரல் கொடுத்தாள். வள்ளியம்மைக்கு அத்தை முறை. "எனக்கும் பத்தொன்பதுன்னுதான் சொல்றான் வள்ளி. என் நெல்லும் உன் நெல்லும் ஒரு வயித்துப் புள்ளைங்களா, அச்சுல வார்த்த மாதிரி இருக்க?"

மற்றவர்கள் சிரித்தார்கள். வள்ளியம்மை சிரிக்கவில்லை. அதற்கும் அடுத்த குவியல்காரருக்கு என்ன வந்தது என்று கேட்டாள். அவருக்கும் பத்தொன்பது. பூஜைக்குப் பிறகு ஒரு மூட்டை கூட அந்த நிலையத்தில் தைக்கப்படவில்லை.

கிழக்கே வானம் சாம்பல் பூத்திருந்தது. இரண்டு நாளில் மழை என்று ரேடியோ சொல்லியிருந்தது. ஒரு நல்ல மழை போதும், தார்ப்பாயையும் மீறி அடியில் தண்ணீர் ஏறி, குவியல் முளைவிட்டுவிடும். முளைத்த நெல்லைக் கோழிதான் தின்னும்.

"வா வள்ளி, மறுபடியும் விரிச்சுடுவோம்" என்றார் தியாகேசன். "ஆபீஸ்காரங்ககிட்ட மல்லுக்கு நின்னா நம்ம குவியல் இங்கேயே கிடக்கும்."

"இப்ப மட்டும் என்னங்க, ஊர்வலமா போயிட்டிருக்கு?" என்றாள். "விரிக்க வேணாம். தார்ப்பாயை இழுத்து மூடுங்க. நான் ஒரு படி நெல்லோட கடைக்குப் போறேன்."

கடையில் முதலில் உப்பு வைத்துப் பார்த்தாள். நன்றாக உலர்ந்த உப்பையும் நெல்லையும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குலுக்கினாள். உப்பு லேசாகக் கண்ணாடியில் ஒட்டியது. ஈரம் பதினைந்துக்குள் இருந்தால் ஒட்டாது. ஆக, அதற்கு மேல் இருக்கிறது. பதினாறா பத்தொன்பதா என்று உப்புக்குச் சொல்லத் தெரியாது. அதற்குத் தராசு வேண்டும்.

தாமிரக் கம்பியை நிறுக்கும் தராசு அவளிடம் இருந்தது. நெல்லை மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு அரைத்தாள். ஒரேயடியாக ஓட்டினால் மிக்சியின் சூட்டிலேயே கொஞ்சம் ஈரம் பறந்துபோய், கணக்கு தன் பக்கம் சாய்ந்துவிடும். தனக்குச் சாதகமான தப்பையும் அவள் அனுமதிக்கவில்லை. நானூறு கிராம் மாவைத் தட்டில் பரப்பி, பல்புப் பெட்டிக்குள் வைத்தாள். மணிக்கு ஒருமுறை எடுத்து நிறுத்து, கரும்பலகையில் எழுதினாள். முந்நூற்று எழுபது. முந்நூற்று நாற்பத்தெட்டு. முந்நூற்று முப்பத்தொன்பது. சாயங்காலம் முந்நூற்று முப்பத்தைந்தில் எடை நின்றது. அடுத்த மணியிலும் அதே எடை. போனது அறுபத்தைந்து கிராம் தண்ணீர். நூற்றுக்குப் பதினாறே கால்.

உலர்ந்த மாவு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்காதபடி எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, மூடியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டினாள்.

மறுநாள் காலை வானம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. வள்ளியம்மை கரும்பலகைக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். சூர்யபிரகாஷ் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அம்மா, உங்க பல்புப் பெட்டியெல்லாம் கவர்மெண்டுல செல்லாதுங்க."

"செல்ல வேணாம் தம்பி. உங்க மீட்டரையே வச்சுப் பாப்போம்." டேப்பைக் கிழித்து டப்பாவைத் திறந்தாள். "இது அதே நெல்லு. ஒரு நாள் பூரா வறுத்தது. தண்ணியே கிடையாது. போட்டுப் பாருங்க."

"எதுக்குங்க?"

"போடேன் தம்பி! மாவு என்ன கடிக்கவா போவுது?" என்றாள் நாகம்மாள்.

அவன் மாவைக் குப்பியில் போட்டுத் திருகினான். முள் எழுந்து, போய், பதினெட்டரையில் நின்றது. அவன் ஈரமானியைத் தட்டினான். முள் அசையவில்லை.

"தண்ணியே இல்லாத மாவுல ஈரம் எங்கேருந்துடா வந்துச்சு?" நாகம்மாள் இறங்கி வந்துவிட்டாள். "எங்க கஷ்டத்தைப் பாத்து உன் மெஷின் அழுவுதா?"

"குப்பியைக் கழட்டுங்க" என்றாள் வள்ளியம்மை.

"இது கவர்மெண்ட் பொருளுங்க. நீங்க தொடக்கூடாது."

"நான் தொடலை. நீங்க கழட்டுங்க. நான் பாக்குறேன்."

"வள்ளி..." என்று தியாகேசன் இழுத்தார்.

"இருங்க. கழட்டாம நான் நகர மாட்டேன் தம்பி. உங்க மேலதிகாரியை வேணும்னாலும் கூப்பிடுங்க. அவருக்கும் இந்த மாவைத்தான் போட்டுக் காட்டப் போறேன்."

சூர்யபிரகாஷ் சுற்றிலும் பார்த்தான். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். குப்பியைக் கழற்றி மாவைத் தட்டினான். அடியில் ஒரு பித்தளை வில்லை. அதைச் சுற்றிக் கருப்பு வளையம். கந்தகம் சேர்த்து வேகவைத்த கெட்டி ரப்பரால் ஆனது அது. வில்லையிலிருந்து குப்பியின் சுவருக்கு மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடாமல் தடுப்பதுதான் அந்த வளையத்தின் ஒரே வேலை. இப்போது அது கருப்பாக இல்லை. வில்லையின் நடுவிலிருந்து சுவர் வரைக்கும், அழுத்தித் தேய்க்கப்பட்ட சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

"ஆயுத பூஜை யாரு போட்டது?" என்று வள்ளியம்மை மெதுவாகக் கேட்டாள்.

அவன் காது சிவந்தது. "நான்தாங்க. தராசு, தைக்கிற மெஷின், தூத்துற மெஷின் எல்லாத்துக்கும் வச்சேன். இதுக்கு வெளியில வச்சா கைபட்டு அழிஞ்சுடுமேன்னு... உள்ள வச்சேன்."

"நானும் மெக்கருக்குப் பொட்டு வைக்கிறவதான். ஆனா தோல் பைமேல வைப்பேன். குங்குமத்துல மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கு தம்பி. இந்த ஈரக்காத்துல அது உப்பு மாதிரி கசிஞ்சுடும். கரண்டு நெல்லு வழியா போகவே இல்ல, உங்க பொட்டு வழியா போயிட்டிருக்கு. ஊர் நெல்லு ஈரத்தை நீங்க பாக்கலை. பொட்டோட ஈரத்தைத்தான் நாலு நாளா பாத்துக்கிட்டிருக்கீங்க."

பருத்தித் துணியும் ஸ்பிரிட்டும் அவள் பையிலேயே இருந்தன. அவன் துடைத்தான். துணி சிவப்பாக வந்தது, பிறகு மஞ்சளாக, பிறகு வெறும் துணியாக. வறுத்த மாவைப் போட்டதும் முள் எழவே இல்லை. குவியலிலிருந்து புதிதாக அரைத்துப் போட்டதும் பதினாறில் நின்றது.

"எடை போடச் சொல்றேங்கம்மா. உங்களதை முதல்ல முடிச்சுடுவோம்" என்று அவசரமாகப் பதிவேட்டை விரித்து எழுதி, பேனாவை நீட்டினான். தியாகேசன் அதற்குள் சாக்குகளை உதறத் தொடங்கியிருந்தார்.

வள்ளியம்மை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். 'விவசாயி மீண்டும் காயவைத்துக் கொண்டுவந்ததால் ஏற்கப்பட்டது.' பேனாவை வாங்கவில்லை.

"நேத்துலேருந்து நெல்லு தார்ப்பாய்க்குள்ள கிடக்கு. எப்ப காய வச்சேன்?"

"ஒரு வழக்கமா எழுதுறதுங்க..."

"கருவி அழுக்கா இருந்துச்சு, துடைச்சுப் பாத்தோம், சரியா இருக்குன்னு எழுதுங்க. பூஜைக்கு அப்புறம் திருப்பின எல்லாக் குவியலுக்கும் அதையே எழுதுங்க."

"மெமோ குடுப்பாங்கம்மா. புதுசா சேந்தவன் நான்."

"உங்களுக்கு ஒரு மெமோ. எழுதாட்டி, எங்க அத்தனை பேரு நெல்லும் ஈரம்னு ரிஜிஸ்டர்ல நிக்கும். அடுத்த வருஷமும் எவனாவது உள்ள பொட்டு வைப்பான்."

ஒரு துளி பதிவேட்டின் மேல் விழுந்தது. தியாகேசன் சாக்கைக் கையில் பிடித்தபடி வந்தார். "வள்ளி, மழை வந்துடுச்சும்மா. கையெழுத்தைப் போட்டுடு. நூத்திப் பத்து மூட்டை."

"தெரியுதுங்க" என்றாள். வானத்தை ஒருமுறை பார்த்தாள். "பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன். நனைஞ்சா நனையட்டும்."

சூர்யபிரகாஷ் எழுதியதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தான். அதற்கு மேலே எழுதினான். அவள் சொன்ன வார்த்தைகளையே எழுதினான், 'அழுக்கு' என்பதற்குப் பதில் 'சந்தனம்' என்று போட்டான். வள்ளியம்மை படித்துவிட்டு அதற்கும் தலையசைத்தாள்.

"முதல்ல அத்தை குவியல். அவங்கதான் எனக்கு முன்னாடி வந்தவங்க" என்று சொல்லிக் கையெழுத்திட்டாள்.

"உன் பொண்டாட்டிக்கு மண்டை கனம்டா தியாகு" என்று சொல்லிக்கொண்டே நாகம்மாள் ஓடினாள். அவளுடைய நாற்பது மூட்டை முடிந்ததும், நாகம்மாளே நின்று வள்ளியம்மையின் சாக்குகளுக்கு வாய் பிடித்தாள். கூடியிருந்தவர்களும் கை கொடுத்தார்கள். எண்பத்தாறாவது மூட்டை தைக்கும்போது, அதுவரை துளியோடு நின்றிருந்த மழை பிடித்துக்கொண்டது. மீதி இருபத்துநான்கு மூட்டைக்கான நெல் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுபோயிற்று. நாளைக்கு அதை மறுபடியும் காயவைக்க வேண்டும். தியாகேசன் அதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தார்ப்பாயின் ஓரத்துக்குச் செங்கல் தேடிப் போனார்.

மேசையில் ஈரமானி நனைந்துகொண்டிருந்தது. சூர்யபிரகாஷ் பதிவேட்டை மட்டும் அணைத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடியிருந்தான். வள்ளியம்மை ஈரமானியைத் தூக்கி முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

"கவர்மெண்ட் பொருளுங்க அது!" என்று அவன் கொட்டகையிலிருந்து கத்தினான்.

"அதான் நனைய விடலை" என்றாள். "நாளைக்கு என் இருபத்துநாலு மூட்டைய இதுலதானே பாக்கணும்."