கொடி சுழற்றிய பிள்ளைகளின் உடுப்பு

மகள் பதினோராம் வகுப்பில் படித்தபோது பள்ளிக்கூடத்து பாண்ட் குழுவில் கொடி சுழற்றினாள். வாத்தியக்காரர்கள் வாசித்தபடி அணிவகுத்து வர, இவளும் இன்னும் சில பெண்பிள்ளைகளும் முன்னால் நின்று பெரிய கொடிகளை மேலே எறிந்து பிடித்து ஆடுவார்கள். மில்லிக்கனில் எங்கள் வீட்டு கராஜுக்கு முன்னால் பனியை வழித்துவிட்டுப் பழகுவாள். கொடிக்கம்பு விழுந்து நெற்றி வீங்கிய நாளிலும் அவள் நிறுத்தவில்லை.

அந்த வருடம் பயிற்றுவித்த பெண் புது உடுப்பு எடுத்திருந்தார். உடம்போடு ஒட்டிய கருநீலத் துணி. முதுகிலும் இடுப்பின் இரண்டு பக்கமும் தோல் நிறத்தில் வலை. மகள் போட்டுக் காட்டியபோது எனக்குப் பிடிக்கவில்லை. அதை மறைக்காமல் சொன்னேன்.

"எனக்கும் பிடிக்கேல்லை அம்மா," என்றாள். "கையைத் தூக்கேக்க வலை இழுபடுது. நாங்கள் எல்லாரும் கோச்சிட்ட சொல்லிட்டம். உள்ளுக்கு லைனிங் வைச்சுத் தாறன் எண்டவ. இட்ஸ் ஃபைன்."

அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் தெருவில் இருக்கிற ஒருவரின் மகளும் அதே குழுவில் மேளம் அடித்தாள். மேளக்காரருக்குக் கழுத்துவரை பொத்தான் பூட்டிய கோட். அவர் தன் பிள்ளையை ஏற்ற வரும்போது பல நாள் என் மகளையும் ஏற்றி வந்து இறக்கியவர். மகளுக்கு அங்கிள், எனக்கு அண்ணை. லைனிங் வைக்க முன்னர் ஒருநாள், ஜிம்முக்குள் ஒத்திகை நடந்தபோது அவர் ஒரு படம் எடுத்தார். தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, 'எங்கட பிள்ளையளை உப்பிடியோ ஆட விடுறது?' என்று கீழே எழுதினார்.

படம் முழுக்க, கையைத் தூக்கி நிற்கும் ஒரு பிள்ளையின் முதுகு. முகம் தெரியவில்லை. ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா? மற்றவர்களுக்கும் தெரிந்திருந்தது. இரண்டு நாளில் லண்டனில் இருந்து மச்சாள் அழைத்தாள். "உது உன்ர மகளோ?" என்று கேட்டாள். நலம்கூட விசாரிக்கவில்லை.

படம் பரவியதும், உடுப்பைப் பற்றிப் பேசப் பெற்றோரைப் பள்ளிக்கூட நூலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு உடம்பின் அசைவு தெரிய வேண்டும் என்றார் பயிற்றுநர். விருப்பமில்லாதவர்கள் சேரத் தேவையில்லை என்றார் ஒரு வெள்ளைக்காரத் தகப்பன். பெடியன்களின் உடுப்பில் ஏன் வலை இல்லை என்று ஒரு தாய் கேட்டாள். அண்ணை எழும்பிக் கலாசாரம், மானம் என்று நீளமாகப் பேசினார். பிள்ளைகள் வெளியே நடைவழியில் இருந்தார்கள். அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

நான் எழுந்து தமிழிலேயே கேட்டேன். "அண்ணை, அந்தப் படத்தை எடுத்தது ஆர்?"

"நான்தான். நாலு பேருக்குத் தெரியவேணும் எண்டுதான் எடுத்தனான்."

"பிள்ளையிட்டக் கேட்டனீங்களோ?"

"அதை விட்டிட்டு உடுப்பைப் பற்றிக் கதையுங்கோ, தங்கச்சி."

"உடுப்பைப் பற்றிப் பிள்ளையள் தாங்களே கதைச்சு முடிச்சிட்டினம். நாங்கள்தான் இன்னும் அவையின்ர முதுகைப் பாத்துக்கொண்டு இருக்கிறம்."

அதையே பள்ளிக்கூட அதிபருக்கு ஆங்கிலத்திலும் சொன்னேன். படத்தின் விஷயத்தைத் தனியாகப் பேசலாம் என்றார். பிறகு அதைப் பற்றி அவர் பேசவேயில்லை.

பிரச்சினை வேண்டாம் என்று, அந்தப் பருவத்துக்குக் கொடி ஆட்டத்தையே பள்ளிக்கூடம் நிறுத்தியது. பாண்ட் குழு கொடி இல்லாமல் போட்டிக்குப் போனது. அண்ணையின் மகள் மேளம் அடித்தாள். அந்தக் கிழமை பயிற்றுநர் கார் நிறுத்துமிடத்தில் என்னைக் கண்டு, தன் காரின் பின் சீற்றில் கிடந்த உடுப்புகளைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் லைனிங் தைத்து முடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"அங்கிள் அதை ஸூம் பண்ணித்தானே எடுத்தவர்?"

ஓம் என்றேன்.

அடுத்த வருடம் கொடி ஆட்டம் திரும்பவும் தொடங்கியது. இவள் போகவில்லை. ஆடிமாத வெயிலிலும் முழங்கால்வரை தொங்கும் ஹூடி போட்டுக்கொண்டு திரிந்தாள். கண்ணாடிக்கு முன்னால் நிற்பதைக் குறைத்துவிட்டாள். யாராவது போனைத் தூக்கினால் கதிரையை நகர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் போவாள்.

மோர்னிங்சைட் பக்கம் ஒரு பிறந்தநாள் விழாவில் அண்ணையைக் கண்டோம். மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பிள்ளை இப்ப நல்ல அடக்கம். நான் அண்டைக்குச் சொன்னது நல்லதாப் போச்சு, என்ன?"

"உங்களுக்கு நல்லதாப் போச்சு, அண்ணை," என்றேன். அவர் சிரித்தார். நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை.

மகள் காருக்குள் போய் இருக்கிறேன் என்று திறப்பைக் கேட்டாள். கொடுத்தேன். சாப்பாடு போடத் தொடங்கியிருந்தார்கள். நானும் கைப்பையை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனேன்.