ஷவ்கியா வாங்கிய துக்கம்

எகிப்தில், கேனா பக்கத்து எங்கள் ஊர் ஷவ்கியாவின் பெயரை முதலில் கேட்டது, புருஷன் கொலையான அன்று துக்கம் கேட்க வந்தவர்களை அவள் திருப்பி அனுப்பியபோதுதான். கொலைக்குப் பழி தீரும்வரை எங்களில் யாரும் துக்கம் வாங்குவதில்லை; வாங்கினால் பழியைக் கைவிட்டதாக அர்த்தம். பாகப்பிரிவினைச் சண்டையில் அவனை வெட்டிய அவன் தம்பி ஹம்தானுக்குத் தூக்கு விதித்தார்கள். நேரில் பார்த்தவள் ஷவ்கியா ஒருத்திதான். வீட்டு ஆண்கள் அவளைக் கோர்ட்டுக்கு விடவில்லை. மேல்முறையீட்டுக்கு அவளே கிளம்பிப் போனாள்.

"மண்வெட்டியை முதல்ல ஓங்கினது என் புருஷன்தாங்கய்யா."

தூக்கு, ஏழு வருஷச் சிறையானது.

"புருஷனையே வித்துட்டியேடி!" என்று வாசலில் கத்தினான் புருஷனின் சித்தப்பா மகன்.

"பேசாம இருந்து இன்னொருத்தனையும் புதைக்கவா மச்சான்? போங்க, போய் நாற்காலி போடுங்க."

அன்று சாயங்காலமே, வந்து உட்கார்ந்தவர்களுக்குத் துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரையில்லாத காப்பி கொடுத்துத் துக்கம் வாங்கினாள். பழி அதோடு முடிந்தது.

இப்போது அந்த நிலத்தில் அவள் தீவனப்புல் அறுக்கிறாள். பக்கத்து வயலில், சிறை முடிந்து வந்த ஹம்தான்.