நாய்க்குப் போட்ட உப்புக்கண்டம்

நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். கொடியில் காயப்போட்டிருந்த உப்புக்கண்டத்தைக் காணவில்லை.

"கரித்தூள் படிஞ்சிடுச்சுங்க. நமக்கு ஆவாதுன்னு நாய்க்குப் போட்டுட்டேன்" என்றாள் மனைவி.

உப்பு, மிளகாய், பூண்டு அரைத்துத் தடவிய கறி அது. எங்கள் நாய் வாளித் தண்ணீரையெல்லாம் குடித்தது. பிறகு வாசலெங்கும் வாந்தி, ரத்தமாகக் கழிச்சல். வாந்தியில் கிடந்த கறியை மறுபடி தின்னப் போனது. எல்லாவற்றையும் கையால் அள்ளிக் குழி தோண்டிப் புதைத்தேன்.

"குப்பையில கொட்ட மனசு வராம நாய் வயித்துல கொட்டிட்டு, இப்ப அள்ளிக்கினு நிக்கிறீங்களே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

நாய் படுத்துவிட்டது. செத்துவிடும் என்றே நினைத்தோம். விடிந்ததும் லேசாக வாலை ஆட்டியது.

இப்போது கறி வாங்கினால், மசாலா அரைக்கும் முன்பே நாயின் பங்கை மனைவி தனியாக வேகவைத்துவிடுகிறாள். கரி படிந்தது குழிக்குத்தான் போகிறது.