தேரைக் குஞ்சும் கல்யாண ஓலையும்

என் அக்கா லோயிஸ், சித்தூர் மிஷன் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். ஆற்றங்கரையில் தேரை பிடித்து வந்து பாடம் நடத்துவதால் பிள்ளைகள் வைத்த பெயர் 'தேரை டீச்சர்'. எதிலும் உடும்புப் பிடி. எங்கள் நைனா ஏசுரத்தினம் தமிழ்ச் சபையின் உபதேசியார். அவருக்கும் அதே பிடி. நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

தெலுங்குச் சபை ஆனந்தராவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அக்கா நின்றாள். சித்தூர் ஆந்திராவோடு சேர்ந்து சில வருஷமாகியும், எந்த ஊர் எந்தப் பக்கம் என்று டீக்கடையில் மண்டை உடைந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண் மாப்பிள்ளை பெயர் சொல்லி ஓலை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும். வாசிப்பவர் நைனா.

"நான் வாய் தொறந்து படிச்சாத்தானே கல்யாணம்?" என்று மீசையை முறுக்கினார்.

அந்த வருஷம் முதல் மழைக்கு நீவா ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்தது. தேங்கிய குட்டையில் அக்கா ஒரு ஜோடியைப் பார்த்தாள். வீட்டோரம் திரியும் பெரிய சொறித்தேரை பெண். அதன் முதுகைக் கட்டிப்பிடித்திருந்தது ஆற்று மணலில் வாழும் வேறு வகைச் சின்ன ஆண். அவற்றின் முட்டைச் சரத்தைக் குண்டானில் அள்ளி வந்து கொல்லைத் தொட்டியில் விட்டாள்.

"வேற வேற ஜாதி சேந்தா குஞ்சு பொழைக்காது," என்றார் நைனா.

"பொழைச்சா ஓலை வாசிப்பியா நைனா?"

"வாசிக்கிறேன் போ! செத்துப்போச்சின்னா அந்தப் பையன் பேச்சை விட்டுடணும்."

கோபத்தில் அக்கா சரி என்றுவிட்டாள். இப்படிக் கலந்து பிறப்பவை பெரும்பாலும் தங்காது என்று படித்தவள்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

முட்டையில் பாதி பொரியவில்லை. பொரிந்தவற்றில் பல, வால் கோணிச் செத்தன. நடுவில் அக்கா டீச்சர் பயிற்சிக்குத் திருப்பதி போனாள். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மறுநாள் மத்தியானம் கொல்லைக்குப் போனால், நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆற்றுத் தண்ணீரைத் துண்டில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கிண்ணத்தில் வெந்த கீரை.

"இன்னா பாக்கிறே? கல்லுக்குள்ள கீற தேரைக்கே ஆண்டவர் படியளக்கிறார். நாம பட்டினி போடலாமா?" என்று முறைத்தார். உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தேன்.

அக்கா திரும்பிய அன்று, பின்கால் முளைத்திருந்த கடைசிக் குஞ்சுகளும் செத்து மிதந்தன. அவள் தொட்டியோரம் உட்கார்ந்து அழுதாள்.

"தோத்துட்டேன் நைனா. இனிமே அவர் பேச்சை எடுக்கமாட்டேன்."

நைனா துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"தோத்தது நீ இல்லம்மா, நானு. அதுங்க பொழைக்கணும்னு தெனம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா கணீரென்று ஓலை வாசித்தார். "ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்" என்று முடித்து, நிமிர்ந்து, சபை முழுவதையும் ஒருமுறை முறைத்தார். ஒருவரும் இருமக்கூட இல்லை.